பெயர் மாற்றப்பட்டுள்ளது

தேர்வுக்குப் பத்து பேரின் கதை கொடுக்க வேண்டும்.
தட்டச்சு செய்து, அட்டை போட்டு,
ஆளை அடையாளம் தெரியாதபடி.

ஆறாவது கதை அவளுடையது.
பதினான்கு வியாழக்கிழமைகள், காலை பதினொரு மணி,
டெய்ரி சர்க்கிளில் திரும்பும் ஆம்புலன்ஸ்
ஒவ்வொரு முறையும் எங்கள் பேச்சை வெட்டிக்கொண்டு போகும்.
பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில்
சட்டைக்குக் காலர் தைப்பவள்.
அரைநாள் சம்பளம் போகும் என்று தெரிந்தே வந்தவள்.

விடுதி அறையில், குழல்விளக்கு சிமிட்டச் சிமிட்ட,
அவளை மாற்றத் தொடங்கினேன்.
தையலை விட்டு ஊதுபத்தி உருட்ட அனுப்பினேன்.
குடியாத்தத்தை அரூர் ஆக்கினேன்.
இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக் குறைத்தேன்.
அழித்த பிறகு சற்று நேரம் எதுவும் எழுதவில்லை.
குடிக்கிற கணவனை மட்டும் அப்படியே விட்டேன்.
அவனை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

சிக்கல் மூன்றாம் பக்கத்தில் வந்தது.
அவள் சொன்னது இது:
"நெஞ்சுக்குள்ள மெஷின் நிக்க மாட்டேங்குது மேடம்.
சுவிட்ச அமத்திட்டேன். துணியும் இல்ல.
வெறும் ஊசி ஏறி ஏறி இறங்குது."

ஊதுபத்தி உருட்டுகிறவளுக்கு
ஏது மெஷின், ஏது ஊசி?

"கிரைண்டர் என்று போடேன்" என்றாள்
பக்கத்துக் கட்டில் இம்னா, போர்வைக்குள்ளிருந்து.
அவளும் அன்றிரவு மோகோக்சுங்கின் ஒரு பள்ளி ஆசிரியரை
மைசூர் அஞ்சல்காரர் ஆக்கிக்கொண்டிருந்தாள்.
கிரைண்டரில் ஊசி இல்லை.
கடைசியில் பதற்றம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்,
மிதமானது முதல் தீவிரமானது வரை.
எழுத்துப்பிழை இல்லை. அவளும் இல்லை.

பெயர் பூரணி என்று வைத்திருந்தேன்.
ஓரத்தில் டாக்டர் காமத்தின் பென்சில்:
ஏன் இந்தப் பெயர்?
எல்லாரிடமும் கேட்பதுதான். சும்மா என்றேன்.
சும்மா என்று யாராவது சொன்னால்
அங்கேயே நில்லுங்கள் என்பது
முதல் பருவத்துப் பாடம்.
அவர் நிற்கவில்லை, அடுத்த கதைக்குப் போய்விட்டார்.
நான்தான் நின்றேன்.
பூரணி என் அக்கா.
பொங்கலிலிருந்து அவள் அழைப்பை நான் எடுக்கவில்லை.

அழித்துவிட்டு மல்லிகா என்று எழுதினேன்.
மல்லிகா யாருக்கும் எதுவும் இல்லை.

பதினைந்தாவது வியாழன் அவள் வரவில்லை.
வராத மணிநேரம் பயிற்சிக் கணக்கில் சேராது;
பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே கோடு.
ஆனாலும் ஐம்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தேன்,
இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா,
சுவரில் ஐந்து நிமிடம் முன்னே ஓடும் கடிகாரம்.
ஆம்புலன்ஸ் வந்தபோது வழக்கம்போல் பேச்சை நிறுத்தினேன்.
பேச்சே இல்லை.

பிறகு ஒரு மாலை, சில்க் போர்டு நிறுத்தத்தில்,
மழை விட்டும் விடாமலும்,
கழுத்தில் அடையாள அட்டையோடு ஏழெட்டுப் பெண்கள்.
நடுவில் அவள்.

வெளியே பார்த்தால் நாம் முதலில் பேசக் கூடாது.
அவர்கள் அழைத்தால் மட்டும்.
குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன்.
அவள் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
திரும்பி, பக்கத்தில் நின்றவளிடம்
வேகவேகமான கன்னடத்தில் ஏதோ சொன்னாள்.
அவ்வளவு பேரும் சிரித்தார்கள்,
அவள்தான் எல்லாரையும்விட உரக்க.

பேருந்து வந்தது. ஏறிப் போனார்கள்.

அவளுக்குக் கன்னடம் வரும் என்பதோ
நாலு பேரைச் சிரிக்கவைப்பாள் என்பதோ
என் பத்தொன்பது பக்கத்தில் எங்கும் இல்லை.
நான் மாற்றியதால் அல்ல.